கம்முனு குந்து நைனா

காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவன் ஏரிக்குப் போய்த் தூண்டில் போடுகிறான் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். தண்டையார்பேட்டையில் நான் வளர்ந்த தெருவில் மீன் என்றால் அது கடல் மீன்தான். கையில் காசு இருந்தால் வஞ்சிரம், வவ்வால். மாதக் கடைசியில் காரப்பொடி, நெத்திலி. ஏரி மீனைப் பற்றி அங்கே ஒரே விமர்சனம்தான்: "சேத்து நாத்தம் அடிக்கும்." ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடைக்காலம் வரும். அப்போது மட்டும் கட்லாவும் ஜிலேபியும் மீன்காரம்மா கூடையில் தைரியமாக வந்து உட்காரும். அம்மா அப்போதும் வாங்க மாட்டார். பானையிலிருந்து கருவாட்டை எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, சத்தம் வராமல் சமையலறைக்குள் போய், ஒரு கை மைதா மாவும் ஒரு சிட்டிகை பெருங்காயமும் திருடிக்கொண்டு, கொடுங்கையூரிலிருந்து ரெட்டேரிக்கு வண்டியை விடுகிறேன். பெருங்காயம் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போக வேண்டும், யாருடைய பேப்பர் எந்த மேஜையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை. கொரோனாவுக்கு அப்புறம் 2021-இல் உலகம் முழுக்கக் கன்டெய்னருக்குத் தட்டுப்பாடு வந்தது. பலர் அதைப் பொருளாதாரச் செய்தியாகப் படித்திருப்பார்கள். எனக்கு அது போன் கால்தான். ராத்திரி பன்னிரண்டுக்கு ஒன்று, ரெண்டே காலுக்கு ஒன்று. எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் எட்டு மணி நேரமாக நிற்கிற டிரைவர், கப்பல் போய்விடுமே என்று அழாத குறையாகப் பேசுகிற ஏற்றுமதிக்காரர், இரண்டு பேரையும் என் தலையில் கட்டிவிட்டுத் தூங்கப் போன மேலாளர். கொஞ்ச நாளில் போன் அடிக்காதபோதும் தொடையில் அதிர்கிற மாதிரி இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அந்த நவம்பரில் ஒரு நாள் மூலக்கடை சிக்னலில் நிற்கும்போது மூச்சு மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. இடது கை மரத்துப்போனது. வண்டியை ஓரம் கட்டக்கூட முடியவில்லை; பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்து தள்ளினார். ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். ஈசிஜி சுத்தமாக இருந்தது. "இதயத்துல ஒண்ணும் இல்ல, பதட்டம். மனநல டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது வெறும் ஊர்ப் பெயர் இல்லை. 1794-இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டலடித்துவிடுவோம். நானே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன்! இப்போது கையில் மாத்திரைச் சீட்டை வைத்துக்கொண்டு, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் வாயுத் தொல்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் மாத்திரையோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும் சொல்லியிருந்தார். எங்கள் பகுதியில் குப்பைமேடு பக்கமாக நடந்தால் உள்ள மூச்சும் போய்விடும். அதனால் வண்டியில் ரெட்டேரி வரை போய், கரையில் நடக்க ஆரம்பித்தேன். இரட்டை ஏரி என்கிற பெயர்தான் வாயில் தேய்ந்து ரெட்டேரி ஆகியிருக்கிறது. கொளத்தூருக்கும் மாதவரத்துக்கும் நடுவில், லாரி ஓயாத பெரிய சாலையை ஒட்டிக் கிடக்கிறது. அழகான ஏரி என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு ஆகாயத்தாமரை. சில இடங்களில் சாக்கடை நேராக உள்ளே வருகிறது. ஆனாலும் தை மாதக் காலையில், மழைநீர் நிறைந்து நிற்கும்போது, கூழைக்கடா ஒன்று தண்ணீரில் வந்து இறங்கும் பாருங்கள், மாநகரப் பேருந்து பிரேக் போடுகிற மாதிரி, அதைப் பார்த்தால் நின்றுவிடத் தோன்றும்.

அப்படி நின்றபோதுதான் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, தினிக்கும் வந்து நின்னுகினு போற. குந்து."

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். பெரம்பூர் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மூடியதற்கு மறுவாரம் ஏரிக்கு வந்தவராம், இன்னும் போகவில்லை. அவர் பெயர் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவர் என்னை நைனா என்பார், நானும் அவரை நைனா என்பேன். எங்கள் பக்கத்தில் அப்பாவையும் அப்படிக் கூப்பிடலாம், பிள்ளையையும் கூப்பிடலாம், வழியில் போகிறவரையும் கூப்பிடலாம். ரொம்ப வசதியான சொல்.

கையில் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். "தெரிய இன்னா கீது? தக்கைய பாரு. அது சொல்லும். அதுவரிக்கும் கம்முனு குந்து."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் செய்த உபதேசம் மொத்தமும் அந்த இரண்டு வரிதான்.

அவருடைய தக்கை மயிலிறகின் தண்டு. ஒரு விரல் நீளம், வெள்ளை, நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ்; பேத்தியுடையது என்றார். நரம்பை இரண்டு இடத்தில் சைக்கிள் டியூப் துண்டால் அதோடு சேர்த்துக் கட்டியிருப்பார். கீழே முள்ளுக்கு ஒரு சாண் மேலே, பல்லால் கடித்து நசுக்கிய ஈயத் துண்டு. (ஈயத்தைப் பல்லால் கடிக்கக் கூடாது. சொன்னேன். கேட்கவில்லை.) அந்த ஈயத்தின் எடையில்தான் சூட்சுமம் எல்லாம். சரியான எடை என்றால் தக்கை தண்ணீரில் படுக்காமல், மூழ்காமல், செங்குத்தாக நின்று சிவப்பு நுனியை மட்டும் காட்டும். அரிசி அளவு கூடினால் முழுகிவிடும், குறைந்தால் சாய்ந்து படுத்துக்கொண்டு பொய் சொல்லும்.

நின்ற பிறகு அது உண்மையிலேயே பேச ஆரம்பிக்கிறது. கெண்டை என்றால் டக் டக் டக் என்று கொத்தல். நுனி துடிக்கும், ஆனால் இறங்காது. அவசரப்பட்டுத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். ஜிலேபி அப்படி இல்லை. தக்கையை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும், யாரோ கடைத்தெருவில் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல. கெளுத்திக்கு நயம் எல்லாம் கிடையாது. ஒரே இழுப்பு, நுனி காணாமல் போய்விடும். ஆமை இழுத்தால் தக்கை நிதானமாக, ஒரு அரசு ஊழியர் மாதிரி, போகும். விராலுக்குத் தக்கையே வேண்டாம். அது மூச்சு விட மேலே வருகிற மீன். தண்ணீரில் சின்னதாக ஒரு கொப்பளிப்பு கேட்கும், அந்த இடத்தைப் பார்த்துத் தவளையையோ ரப்பர் தவளையையோ போடுவார்கள்.

முதல் நாள் நான் எதையும் பிடிக்கவில்லை. எழுந்தபோது மணி ஒன்பதரை. மூன்று மணி நேரம் போயிருந்தது. சட்டைப் பையில் போன் இருந்ததே எனக்கு நினைவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது இன்னொன்றைக் கவனித்தேன். மூலக்கடை சிக்னலில் நின்றிருக்கிறேன், பச்சை விழுந்து கிளம்பியும் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

தூக்கம் வராத ராத்திரிகளில் இதைப் பற்றிப் போனிலேயே தேடிப் படித்திருக்கிறேன். ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் தம்பதி, 1989-இல் ஒரு விளக்கம் எழுதினார்கள். நம் கவனத்தில் ஒரு வகை, பல்லைக் கடித்துக்கொண்டு நாமாகச் செலுத்துவது. கன்டெய்னர் எண்ணின் பதினோரு எழுத்தையும் சரிபார்ப்பது அந்த வகை. அது களைத்துப்போகும். களைத்தால் எரிச்சல் வரும், தப்பு வரும். இன்னொன்று தானாகப் போவது. தண்ணீர் மினுங்குவது, இலை அசைவது, மேகம் நகர்வது இதெல்லாம் கண்ணைப் பிடிக்கும், ஆனால் இறுக்கிப் பிடிக்காது. மனதில் வேறு எதற்கும் இடம் விட்டிருக்கும். அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்னது. படித்ததும் எனக்கு மயிலிறகுத் தண்டுதான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் மனச்சோர்வு உள்ளவர்களை மருத்துவமனை வழியாகவே தூண்டில் போட அனுப்பும் திட்டங்கள் சில இடங்களில் நடக்கின்றன என்றும் படித்தேன். நைனாவிடம் சொன்னேன். "டாக்டரு எழுதித் தர்ற அளவுக்கு ஆயிப்போச்சா ஜனம்?" என்று கேட்டுவிட்டுப் புழுவை மாற்றினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூண்டில் ஒரு போதையும்கூட. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் உயிர்களை அதிகம் கட்டிப்போடுகிறது என்று ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். சூதாட்ட மெஷினும் அதுதான், போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிற ரீல்ஸும் அதுதான், 'இன்னும் ஒரே ஒரு தடவை போடுறேன்' என்று நான் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பதும் அதுதான். எனக்குத் தெரிந்த வித்தியாசம், ஒரு ரீல்ஸுக்கும் அடுத்த ரீல்ஸுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. இரண்டு கடிக்கு நடுவில் நாற்பது நிமிஷம் இருக்கிறது. அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு நீர்க்காகம் முழுகி, எங்கோ எழுந்து, சிறகை விரித்துக் காயவைத்துவிடும். ரீல் என்றதும் இன்னொன்று: கரையில் உட்காரும் கூட்டம் விடுகிற ரீலுக்கும் அளவில்லை. போன வாரம் தப்பிப்போன விரால் இந்த வாரம் ஒரு கிலோ ஏறியிருக்கும்.

கெளுத்தி என்னைக் குத்தியது ஒரு மார்ச் மாதம். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், ஒவ்வொன்றும் ரம்பம். கழற்றும்போது திமிறியது, கட்டை விரலில் ஏறிவிட்டது. வலி மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை போனது. நைனா என்னைப் பக்கத்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், கிளாஸில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வாங்கி விரலை விடச் சொன்னார். பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். கெளுத்தி வகை மீன்களின் முள் விஷம் ஒரு புரதம், சூட்டில் வலுவிழந்துவிடும் என்று அப்புறம் தெரிந்தது. டீக்கடைக்காரர் வெந்நீருக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் விரலைக் காட்டினார். அந்த முக்கால் மணி நேரமும் நான் யார்டைப் பற்றி நினைக்கவே இல்லை. இருந்தாலும் இந்த முறையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் இன்னும் ஆறிப்போகாமல் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு ஜிலேபியைத்தான். உள்ளங்கை அளவு இருக்கும். மேலே தூக்கியபோதே அதன் தாடை வழக்கத்தைவிட உப்பலாக இருந்தது. ஈரத் துணியில் பிடித்து முள்ளைக் கழற்றப் போனேன். வாயைத் திறந்தது; உள்ளேயிருந்து எள்ளுப் போல எதுவோ என் உள்ளங்கையில் கொட்டியது. பார்த்தால் ஒவ்வொரு எள்ளுக்கும் இரண்டு கண். குஞ்சுகள். சில வயிற்றில் இன்னும் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு, என் கைரேகைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் நெளிந்தன. ஜிலேபியில் தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துத்தான் காப்பாற்றும். அந்த நாட்களில் அது அநேகமாகச் சாப்பிடாது. பிறகு ஏன் என் மாவு உருண்டையைக் கவ்வியது? குஞ்சுக்கு ஆபத்து என்று நினைத்து முட்ட வந்திருக்குமோ என்னவோ. நைனா எட்டிப் பார்த்தார். "தாய்க்காரி. வுட்ரு." கையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். எள்ளெல்லாம் மிதந்து பிரிந்தன. தாய் ஒரு நொடி அதே இடத்தில் நின்றது, பிறகு பாசிக்குள் போய்விட்டது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஜிலேபி நம்மூர் மீன் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் எல்லாம் நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைத் திரும்ப விடுவது கருணையா, ஏரிக்குச் செய்கிற துரோகமா என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் கிடையாது. தாயாக இருந்தால் விடுகிறேன், இல்லாவிட்டால் கரையில் காத்திருக்கும் பூனைகளுக்குக் கொடுக்கிறேன். லாஜிக் இல்லை, தெரியும்.

இதைவிட மோசம் 'டேங்க் கிளீனர்'. கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன இடம். சென்னையில் யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் அந்த ஊர் மீன் இருக்கும். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விரல் நீளத்தில் ஒன்றை வாங்கிப் போடுவார்கள். தென்னமெரிக்க மீன் அது, முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் கொண்டுவந்து ஏரியில் விட்டுவிடுவார்கள். உடம்பெல்லாம் கவசம், ஒரு மீனும் பறவையும் சீண்டாது, அது பாட்டுக்குப் பெருகுகிறது. தூண்டிலில் மாட்டினால் செருப்பை இழுக்கிற மாதிரி வரும். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏரி உங்கள் குப்பைத்தொட்டி இல்லை.

மீனுக்கு வலிக்காதா என்று என் மகள் கேட்டாள். வலிக்காது என்று சொல்லத்தான் வாய் வந்தது. 2003-இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் வலி உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள், அதனால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து முள்ளின் உட்கொக்கியைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். கழற்றுவது சுலபம், கிழிசல் குறைவு, பாதி மீன் தானே கழற்றிக்கொண்டும் போய்விடும். மகளுக்கு அது போதவில்லை. அவள் வருவதில்லை.

ரெட்டேரி மீனை நான் சாப்பிடுவதில்லை. கழிவுநீர் கலக்கிற தண்ணீரில் வளர்ந்த மீன், அவ்வளவுதான் காரணம். புழல் ஏரி கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, நல்ல தண்ணீர், 1876-இல் கட்டியது, 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும். ஆனால் அது ஊர் குடிக்கிற தண்ணீர். அங்கே போய்த் தூண்டிலோடு நிற்கக் கூடாது. 2019 ஜூனில் அதே ஏரித்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். நைனா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை என்று பின்னாளில் அவர் கூட்டாளி சொன்னார். நைனாவும் அன்று அங்கே போயிருக்கிறார், நானும் அவரும் அப்போது ஒருவரையொருவர் அறியோம். இதற்கு நேர் எதிராக, கார்த்திகை மழையில் உபரி நீர் திறந்தால் டிவியில் ஊர்ப் பெயர்களாக வாசிப்பார்களே, நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று, அந்தக் கால்வாய் நெடுக வலையும் கழியுமாகக் கூட்டம் நிற்கும். எதிர்த்து ஏறி வருகிற மீனைப் பிடிக்க அதைவிட நல்ல நாள் இல்லைதான். ஆனால் ஓடுகிற தண்ணீரின் கரை எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. நான் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள். மற்ற ஏரிகளில் மீன் பிடிக்கிற உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். எடுத்தவர் யார் என்று விசாரித்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டால் சண்டை வராது.

மாத்திரை? இரண்டு வருடம் சாப்பிட்டேன். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். தூண்டில் பிடிக்க ஆரம்பித்ததும் மாத்திரையைத் தூக்கி ஏரியில் போட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் அது ரீல். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. ராத்திரி மூச்சு முட்டுகிறவர்கள் ஏரியைத் தேடுவதற்கு முன்னால் 14416-க்கு ஒரு போன் போடுங்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

என் மனைவியிடம் வாயுத் தொல்லை என்ற பொய் நாலு மாதம்தான் ஓடியது. மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "எனக்கும்தான் சில நாள் அப்படி இருக்கு. நான் எங்க போய் உட்கார்றது?" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல? எங்கள் கரையில் நாற்பது பேர் உட்காருகிறோம், ஒரு பெண் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காலை மூன்று மணி நேரம் சும்மா இருக்கிற உரிமை எந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று அந்த நாற்பது பேரில் யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

போன பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனோம். பொன்னேரி தாண்டி ஒரு கிராமம், சின்ன ஏரி, கண்ணாடித் தண்ணீர். என் கழியை வாங்கி இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். "இதென்ன, ஈயம் ஜாஸ்தி" என்று சொல்லிப் பல்லால் (ஆமாம், பல்லால்) ஒரு துண்டைக் கடித்து எடுத்தாள். சின்ன வயதில் அண்ணன்களோடு சேர்ந்து தினமும் கெண்டை பிடித்தவளாம். கல்யாணமாகிப் பதினாறு வருடம். கடல் மீன் வீட்டுக்கு வந்ததால் அவள் ஏரி மீன் பற்றிப் பேசியதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

அன்று அவள் ஒரு மணி நேரத்தில் பதினொரு கெண்டை பிடித்தாள். நான் மூன்று. குத்தகைக்காரர் அவள் சித்தப்பாதான், கூடவே ஒரு விராலையும் உயிரோடு கொடுத்தார். சாம்பலும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, சொரசொரப்பான கல்லில் உரசி, வழவழப்புப் போகக் கழுவினாள். புளியைக் கெட்டியாகக் கரைத்தாள். சேற்று நாற்றம் என்று எங்கள் தெருவில் சொல்வோமே, அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற பொருள். நீரிலும் மண்ணிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. முதல் மழையில் எழும்புகிற மண்வாசனையும் அதே பொருள்தான். அங்கே ஆகா என்கிறோம், இங்கே மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். புளிப்பில் அது சிதைந்துவிடும். நம் ஊர்க் குழம்புகளுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு ஒரு தூக்கில் கொண்டுவந்தோம். சங்கரா குழம்பா என்று கேட்டுவிட்டு இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார். நாங்கள் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு நாலே முக்காலுக்கு எழுந்து சமையலறைக்குப் போனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நைட்டி மேல் துப்பட்டாவோடு அவள் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கட்டி இல்லாமல், தண்ணீரில் கரையாத பதத்துக்கு. மேஜையில் என் பெருங்காய டப்பா திறந்து கிடந்தது. வாசனைக்காகத்தான் அதைச் சேர்ப்பது, கெண்டை மோப்பம் பிடித்து வரும். நான் திருடுவது தெரியாது என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போடுறது பத்தாது" என்றாள், உருண்டையை மோந்து பார்த்து. "அதான் உங்களுக்கு மாட்ட மாட்டேங்குது. ஹெல்மெட் ரெண்டு எடுங்க."